கம்மாபுரத்து நீரும் கணக்கிடும் கருவியும்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

கண்ணுக்குத் தெளிந்திருப்பதெல்லாம் நல்ல நீரன்று. கலங்கியிருப்பதெல்லாம் கெட்ட நீருமன்று. மழைக்காலத்து ஏரிநீர் செம்மண் கரைந்து சிவந்திருப்பினும் தெளியவைத்துக் காய்ச்சினாற் குடிக்கத்தகும். பளிங்குபோல் விளங்கும் ஆழ்துளைக் கிணற்று நீரிலோ, நாவிற்கும் மூக்கிற்கும் புலனாகாத உப்புகள் கரைந்து நிற்றல் கூடும். ஆகவே நீரின் நன்மை தீமைகளை அறிதற்கு நம் ஐம்பொறிகள் போதா. அளவையும் ஆராய்ச்சியும் வேண்டும். இது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியே. ஆனால் அளந்து அறிந்தபின் யாது செய்வது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. அதனைக் குறித்துச் சில கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற கோடையில், விருத்தாசலத்தினின்று சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் கம்மாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், நண்பர் ஒருவரும் யானும் ஒரு தெருக்குழாயடியில் நின்று நீரைச் சிறு குப்பிகளில் ஏந்திச் சோதித்துக்கொண்டிருந்தோம். குப்பியில் மருந்துத் துளிகளை விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டு, எண்களைக் குறிப்பேட்டில் எழுதினோம். குடத்துடன் காத்துநின்ற மூதாட்டி ஒருத்தி நெடுநேரம் பொறுத்திருந்து பார்த்தபின், "ஏந் தம்பி, எழுதிக்கிட்டே இருக்கியே, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லிட்டு எழுது" என்றாள். எங்களிடம் ஆறு எண்கள் இருந்தன; அவள் கேட்ட ஒரு சொல் இல்லை. "ஆய்வுக்கூடத்தில் இன்னொரு முறை பார்த்தபின் சொல்கிறோம், பாட்டி" என்றேன். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். வேறென்ன செய்வாள்? வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அன்று யான் உணர்ந்தது, எண் வேறு, முடிவு வேறு என்பது. இரண்டிற்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அப்பாலத்தையே இக்காலத்து நீரியலறிஞர் முடிவுத்துணைக் கருவி என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். அது குப்பியோ குழாயோ போன்ற கைக்கருவியன்று. ஒரு நீர்வடிப்பகுதியில் எங்கே மழை பெய்கிறது, அது எவ்வழி ஓடுகிறது, எதைக் கரைத்துச் செல்கிறது, எங்கே மண்ணுள் இறங்குகிறது, எங்கே மீண்டும் எடுக்கப்படுகிறது என்பவற்றையெல்லாம் கணக்காகக் கட்டி, "இதனைச் செய்தால் இது விளையும், அதனைச் செய்தால் அது விளையும்" என்று முன்கூட்டியே ஒப்பிட்டுக் காட்டும் கணிப்பொறி ஏற்பாடு அது. தீர்ப்பளிப்பது அதன் தொழிலன்று. தீர்ப்பளிப்பவன் முன் வழக்கை ஒழுங்காக எடுத்துவைப்பதே அதன் தொழில்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி நோய் பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளை விசாரித்துக் கணக்கெடுத்து, அவை ஒரு தெருவின் அடிகுழாயைச் சூழ்ந்திருப்பதைக் கண்டு, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். நோய்க்கிருமியின் இயல்பு உலகிற்கு நன்கு விளங்காத காலம் அது. எனினும் ஒரு கணக்கெடுப்பு ஒரு முடிவிற்குத் துணைசெய்தது. 1925-இல் அமெரிக்காவில் ஓகையோ நதியை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும், கழிவு கலந்த இடத்திற்குக் கீழே நீரிற் கரைந்த பிராணவாயு எவ்வளவு குறைந்து எத்தனை தொலைவில் மீளும் என்பதைச் சமன்பாட்டாற் கணித்துக் காட்டினர். 1984-இல் அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத்துறை நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மாட்ப்ளோ என்னும் நிரலை வெளியிட்டது. பின்னர் 1990-களில் அங்குள்ள வேளாண்மைத் துறையினர், மண்ணையும் மழையையும் பயிரையும் உரத்தையும் ஒருங்கே கணக்கிடும் ஸ்வாட் என்னும் கருவியை ஆக்கினர். நம் நாட்டிலும் 1995-இல் தொடங்கிய நீரியல் திட்டமும், அதன் இரண்டாங் கட்டத்தில் ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனம் மேற்கொண்ட திட்டமிடற்கான முடிவுத்துணை ஏற்பாடும், 2016-இல் நாடெங்கும் விரிக்கப்பட்ட தேசிய நீரியல் திட்டமும் இவ்வழியில் வைத்த அடிகளேயாம். ஆகவே கருவி இல்லை என்பது குறையன்று. அது மூதாட்டியின் குடம்வரை வந்து சேரவில்லை என்பதே குறை.

இனி, கம்மாபுரத்தை எடுத்துக்கொண்டதன் காரணத்தைக் கூறுவேன். இத்தகைய கருவியின் பயனும் அதன் இடர்ப்பாடும் ஒருங்கே விளங்குதற்கு இதனினும் தக்க இடம் தென்னாட்டில் அரிது. கடலூர் மாவட்டத்து ஒன்றியத் தலைமையூராகிய கம்மாபுரத்திற்கு மேற்கே விருத்தாசலத்தை மணிமுத்தாறு தழுவிச் செல்கிறது. அது தெற்கே கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. மற்றொரு புறம் பரவனாறு வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் தொடர்புபடுத்திக்கொண்டு வடகிழக்கே கடலூர்ப் பக்கம் செல்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் நெய்வேலிச் சுரங்கங்கள் விரிந்துள்ளன. நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் ஒருபால், முந்திரி வளரும் செம்மண் மேடுகள் மற்றொருபால், பழுப்பு நிலக்கரி தோண்டும் பெரும்பள்ளங்கள் பிறிதொருபால் என மூவகை நிலமும் ஒரு நாள் நடையில் அடங்கியுள்ளன.

நெய்வேலியின் வரலாறே ஒரு கிணற்றிலிருந்து தொடங்கியது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, 1930-களின் நடுவில், நீருடன் கரிய பழுப்புநிறப் பொருள் வெளிவந்தது. அதுவே பின்னர் நிலக்கரி எனத் தெளியப்பட்டது. 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1960-களின் தொடக்கத்தில் கரியும் மின்சாரமும் கிடைத்தன. நீரைத் தேடியவர் கரியைக் கண்டார். கரியைத் தேடியவர்களோ நீரோடு போராட வேண்டியவராயினர். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட ஊற்றுநீர்ப் படுகை ஒன்று உள்ளது. மேலுள்ள மண்ணை அகற்றினால் அவ்வழுத்தம் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்து நீரை மேலே தள்ளிவிடும். ஆதலின் சுரங்கத்தைச் சூழக் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்தாலன்றி அங்கே கரி வெட்ட இயலாது. ஒரு காலத்தில் இப்பக்கத்து ஊர்களில் துளையிட்ட அளவில் தாமே பொங்கி வழிந்த கிணறுகள் இருந்தமையை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இங்கேதான் நம் முதற்பாடம் உள்ளது. நீர்வடிப்பகுதி என்றவுடன், மழைநீர் எந்தச் சரிவில் ஓடி எந்த ஆற்றிற் சேர்கிறதோ அந்த எல்லையை மனத்திற்கொள்கிறோம். மலைநாட்டில் அது போதும். கம்மாபுரத்திலோ மேலே ஓர் எல்லையும் கீழே ஓர் எல்லையுமாக இரண்டு நாடுகள் அடுக்கிவைத்தாற்போல் உள்ளன. மேலோடும் நீர் வெள்ளாற்றிற்கோ பரவனாற்றிற்கோ உரியது. ஆழத்திலுள்ள மணற்பாறைப் படுகையின் நீரோ அவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. மேற்கிலும் வடமேற்கிலும் அம்மணற்பாறை நிலத்தின்மேல் வெளிப்பட்டிருக்கும் செம்மண் மேடுகளில் விழுந்த மழை, பன்னெடுங்காலம் ஊர்ந்து கிழக்கே வருகிறது. சுரங்கம் அதனை மேலே எடுத்து வாய்க்காலில் விடுகிறது. அவ்வாறு விடப்பட்ட நீர் வாலாஜா ஏரி வழியே வேறொரு வயலுக்குப் பாய்கிறது. அன்றியும் கொள்ளிடத்து நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து 2004-ஆம் ஆண்டு முதல் குழாய்வழியே ஏறத்தாழ 235 கிலோமீட்டர் கடந்து சென்னை மாநகருக்குச் செல்கிறது. மேட்டுச் சரிவை மட்டும் வரைந்து, "இதுவே நீர்வடிப்பகுதி" என்று கணிப்பொறிக்குக் கற்பித்தால், அது அழகிய படத்தைத் தரும், உண்மையைத் தராது.

இரண்டாவது பாடம் சொற்களைப் பற்றியது. ஊரார் பேச்சில் சுரங்கத்திலிருந்து வருவதெல்லாம் சுரங்கத் தண்ணீரே. ஆராய்ந்து பார்த்தால் அப்பெயரால் மூவகை நீர் வழங்குகிறது. ஆழத்து ஊற்றிலிருந்து இறைப்பது ஒன்று. அது பெரும்பாலும் நல்ல நீர், குடிநீராகவும் பயன்படுவது. பள்ளத்திற் பெய்த மழையும் ஓரக் கசிவும் சேர்ந்து களிமண்ணைக் கலக்கிக்கொண்டு வெளியேற்றப்படுவது மற்றொன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கரைத்துச் செல்லும் குளங்களினின்று வழிவதும் கசிவதும் மூன்றாவது. சாம்பலில் நுண்ணளவாக உள்ள உலோகங்கள் நீரிற் சேரும் வழி இதுவே. இம்மூன்றும் ஒரே வாய்க்காலிற் கலந்தபின் ஒரு குப்பி எடுத்துச் சோதித்து, "நன்று" என்று ஒருவரும் "தீது" என்று மற்றொருவரும் வாதிடுவதிற் பொருளில்லை. எவ்விடத்தில், எந்நாளில், எந்நீர் எவ்வளவு கலந்தது என்பது தெரிந்தாலன்றி அக்குப்பியின் எண் ஊமையே. கருவியானது மூன்றையும் பிரித்துக் கணக்கிடும்படி அமைக்கப்படல் வேண்டும்.

இதனால் மாசுக்கெல்லாம் சுரங்கமே காரணம் என யான் கூறுவதாக எவரும் கருதற்க. அச்சுரங்கத்தால் தமிழகத்து வீடுகளில் விளக்கெரிகிறது. பல்லாயிரவர்க்குப் பிழைப்பு உண்டாயிற்று. நம் கலாசாலையிற் பயின்ற பலரும் அங்கே தொழில் புரிந்துள்ளனர். வயலிலிடும் யூரியாவும், வீட்டுக் கழிவறைக் குழியும், கொல்லையிலுள்ள எருக்குவியலும் நீரைக் கெடுப்பதில் பின்வாங்குவன அல்ல. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயப்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைத் தாங்கும் திறன் குன்றும். காய்ச்சினால் அது போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகும். கிருமிக்கு மருந்தாகிய அடுப்பு நைட்ரேட்டிற்கு மருந்தன்று என்பதைத் தாய்மார் எத்துணைப் பேர் அறிவர்?

ஓர் ஊரின் மேனிலைத் தொட்டிக்கு நீர் தரும் கிணற்றில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் நைட்ரேட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வழக்கம் யாது? ஒரு தாளில் எண் எழுதப்படுகிறது; தாள் அலுவலகத்திற்குச் செல்கிறது. தொட்டி இயக்குபவர் நாள்தோறும்போல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார். குளோரின் கிருமியைக் கொல்லும். நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது. முடிவுத்துணைக் கருவி இருப்பின் அது வேறு கேள்விகளைக் கேட்கும். நைட்ரேட்டோடு குளோரைடும் கூடியதா? கூடியிருப்பின் கழிவறைக் குழியின் மேல் ஐயம் வலுக்கும். குளோரைடு கூடாமல் நைட்ரேட் மட்டும் ஏறியதாயின் வயலுரத்தின் மேல் ஐயம் செல்லும். கிணற்றைச் சூழ நிலம் எப்பக்கம் சரிகிறது? நிலத்தடி நீர் எத்திசையில் ஊர்கிறது? கிணற்றின் மேற்குழாய் எத்தனை அடிவரை அடைக்கப்பட்டுள்ளது? பின்பு வழிகளை வரிசைப்படுத்தும்: குழியை இடம் மாற்றுவது, கிணற்றை ஆழப்படுத்துவது, உரத்தைப் பிரித்துப் பிரித்து இடச்செய்வது, கூட்டுக்குடிநீர்க் குழாயிலிருந்து நீர் பெற்றுக் கலப்பது. ஒவ்வொன்றிற்கும் செலவு எவ்வளவு, பலன் எத்தனை மாதத்தில், நன்மை எந்தத் தெருவிற்கு, துன்பம் எந்தத் தெருவிற்கு என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்டும். ஊராட்சித் தலைவரும் ஊராரும் அதைப் பார்த்துத் துணியலாம். முடிவு செய்பவர் மனிதரே. ஆனால் இருட்டில் தடவாமல் விளக்கொளியிற் செய்வர்.

இத்துணைப் பயனுடையது ஏன் வழக்கிற்கு வரவில்லை? என் அபிப்பிராயத்தில் முதற்காரணம், ஒரே நீருக்குப் பல ஏடுகள் இருப்பதே. 1971-இல் தோன்றிய குடிநீர் வடிகால் வாரியம் ஆய்வுக்கூடங்களை வைத்துக் குடிநீரைச் சோதிக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக் கழிவைப் பார்க்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளில் பொதுவாக ஆண்டிற்கு நான்குமுறை நீர்மட்டத்தையும், அவ்வப்போது தரத்தையும் அளக்கிறது. மாநில நீர்வளத்துறை ஆற்றையும் ஏரியையும் அளக்கிறது. சுரங்க நிறுவனம் தன் கிணறுகளைத் தானே அளக்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைப் பழக்குவதென ஏற்பாடு உள்ளது. ஒவ்வொன்றும் நன்றே. ஆயினும் ஒருவர் ஏடு மற்றவர் ஏட்டோடு பேசுவதில்லை. ஒருவர் சித்திரையில் அளந்த கிணற்றை மற்றொருவர் மார்கழியில் அளக்கிறார். ஒருவர் கிணற்றின் ஆழத்தை எழுதுகிறார், மற்றவர் எழுதுவதில்லை. இவற்றை அப்படியே கணிப்பொறியில் இட்டால், அரிசியும் உமியும் கல்லும் ஒருங்கே உலையிலிட்டது போலாகும்.

இரண்டாவது காரணம், எண்களின்பால் நம்பிக்கையின்மை. 2023-ஆம் ஆண்டில் பூவுலகின் நண்பர்கள் என்னும் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களில் நீரையும் மண்ணையும் எடுத்துச் சோதித்து, மாசு மிகுந்துள்ளதென அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பை நாடு கண்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இவ்வழக்குகளில் எவர் பக்கம் நியாயம் என்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. யான் சுட்டுவது ஒன்றே. இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் நீண்டகால அளவை ஒன்று ஊரார் கையில் இருந்திருப்பின், "மாசு உண்டா இல்லையா" என்ற வாதத்திற் பொழுது கழியாமல், "அதனை நீக்க யாது செய்வது" என்ற வாதத்திற் கழிந்திருக்கும். ஆற்றின் தடமே மாற்றப்படும் நாட்டில், ஆண்டுதோறும் திருத்தப்படாத வரைபடத்தை நம்பும் கருவியால் ஆவதொன்றுமில்லை என்பதும் அதனாற் பெறப்படும்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, கணிப்பொறிக் கணக்கு வயலுக்கு உதவுமோ?" என்று கேட்போர் உளர். அவர் கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவைத் தூய்மைப்படுத்த 1983-இல் பல மாநிலங்கள் ஒன்றுகூடின. மிக விரிவான நீர்வடிப்பகுதிக் கணிப்பு ஒன்று அங்கே ஆக்கப்பட்டது. அதனைக் கொண்டு 2010-இல் ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குறைக்கவேண்டும் எனப் பங்கிட்டனர். ஆலைகளும் நகரக் கழிவுநீர் நிலையங்களும் பெரிதும் குறைத்தன. வயல்களிலிருந்து வழிவதைக் குறைப்பதோ எளிதாகவில்லை. 2025-க்குள் அடைவதாக உறுதிகூறிய இலக்குகள் முழுவதும் நிறைவேறவில்லை. இதனால் கருவி பொய்த்தது எனல் பொருந்தாது. யார் எவ்வளவு தவறினர் என்பதை உலகறியச் செய்ததும் அக்கருவியே. ஆயினும் கருவி காட்டிய வழியில் நடக்கக் கால்கள் வேண்டும். அதனைக் கருவி தராது.

வேறொரு சாரார், கணிப்பொறி சொன்னால் அதுவே வேதவாக்கு என்பர். இவர் முன்னவரினும் அபாயமானவர் என்பது என் கருத்து. எந்தக் கணிப்பும் சில ஊகங்களின்மேல் நிற்பது. மழை இவ்வளவு, மண் இத்தன்மைத்து, நீர் இவ்வேகத்தில் ஊரும் என்று கொண்டே அது விடை கூறுகிறது. அவ்வூகம் எவர் கொண்டது, எவ்வளவு பிழைக்கக்கூடியது என்பதை மறைத்து விடையை மட்டும் நீட்டினால், அது அறிவியல் ஆடை புனைந்த அதிகாரமே. "கணிப்பொறி உங்கள் கிணற்றிற்குத் தீங்கில்லை என்கிறது" என்று ஓர் அதிகாரி கூற, "எங்கள் கிணறு உவர்க்கிறதே" என்று குடியானவன் கூறினால், திருத்தப்படவேண்டியது கணிப்பே அன்றி நாவன்று. ஏரி மடை திறந்து வயலுக்கு நீர்விட்ட பழைய ஊர்ப்பணியாளர், எந்த மழைக்கு எந்தக் கலிங்கு வழியும், எந்த மாதத்தில் எந்தக் கிணறு கரிக்கும் என்பதை நெஞ்சிலே கணக்காக வைத்திருந்தனர். அதுவும் ஒரு முடிவுத்துணைக் கருவிதான். புதிய கருவி அப்பழங்கணக்கைக் கேட்டறிந்து எழுந்தால் வலுப்பெறும்; அதனை எள்ளி எழுந்தால் வழுவும்.

ஆகவே, வெள்ளாறு, பரவனாறு ஆகிய இரண்டின் நடுவே அமைந்த இந்நாட்டிற்கு வேண்டுவன இவை எனக் கருதுகிறேன்.

முதலாவது, ஒரே ஏடு. எத்துறை அளந்தாலும் கிணற்றின் இடமும் ஆழமும் நாளும் ஒரே முறையில் எழுதப்பட்டு, ஒரே இடத்திற் சேர்க்கப்பட்டு, எவரும் காணத் திறந்துவைக்கப்படல் வேண்டும். நிறுவனங்கள் தம் செலவில் அளந்தவையும் இதற்கு விலக்காகா. ஏனெனில் அளவை அவர்களுடையதாயினும் நீர் ஊராருடையது.

இரண்டாவது, எண்ணோடு செயலைப் பிணைத்தல். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு வழியில்லாவிடத்து 2000 வரை பொறுக்கலாம் என்பது தரநிர்ணயம். ஃபுளோரைடுக்கு அவ்வாறே 1.0, 1.5 என இரு வரம்புகள் உள்ளன. முதல் வரம்பைத் தாண்டினால் எவர் யாது செய்யவேண்டும், இரண்டாவதைத் தாண்டினால் எத்தனை நாளுக்குள் மாற்றுநீர் வரவேண்டும் என்பதை முன்பே எழுதிவைத்தல் வேண்டும். தீப்பிடித்தபின் குடத்தைத் தேடுவது அறிவன்று.

மூன்றாவது, ஊர் மொழியில் அறிவித்தல். ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தொட்டியின் தூணிலும், "இந்நீர் குடிக்கலாம்", "சமைக்கலாம், குழந்தைக்குக் கொடுக்கலாகாது", "குளிக்க மட்டும்" என்று தமிழில், சோதித்த நாளுடன் எழுதப்படல் வேண்டும். எழுத்தறியாதோர்க்கு நிறத்தால் உணர்த்தலாம். இது பெருஞ்செலவன்று, ஒரு குப்பிச் சாயமும் சிறிது நேர்மையும் போதும்.

நான்காவது, பிழையை ஒப்புதல். கணிப்புச் சொன்னதும் கிணறு சொன்னதும் எவ்வளவு வேறுபட்டன என்பதை ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். தன் பிழையை எழுதும் கருவியையே மக்கள் நம்புவர்.

இவற்றில் கலாசாலைகளுக்குப் பங்கில்லையோ என்று கேட்பீர்கள். பெரும்பங்கு உண்டு. நம் ரசாயன சாலையில் மாணவர் ஆண்டுதோறும் நீரின் கடினத்தன்மையையும் குளோரைடையும் அளந்து பழகுகின்றனர். சோதனை முடிந்ததும் நீர் தொட்டியிற் கொட்டப்படுகிறது. எண் பதிவேட்டில் ஆசிரியர் கையொப்பம் பெற்று உறங்குகிறது. அந்நீர் குழாயிலிருந்து பிடித்த நீராக இல்லாமல், ஊர்க் கிணற்றிலிருந்து கொண்டுவந்த நீராக இருந்தால் என்ன? கம்மாபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் இருபது கிணறுகளைத் தெரிந்துகொண்டு, சித்திரையில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும், அதே கிணறு, அதே முறை, அதே ஏடு என்று வகுப்புக்கு வகுப்பு கைமாற்றி அளந்துவந்தால், இருபது ஆண்டில் அவ்வேட்டிற்கு ஈடாக எந்த அலுவலகமும் காட்ட ஒன்றிராது. மாணவர் மூன்றாண்டில் போய்விடுவர், அதிகாரிகள் மாற்றலாகிவிடுவர், திட்டங்களின் பெயர்கள் மாறும். கலாசாலை நிற்கும். நெடுங்காலம் ஒரேயிடத்தில் நிற்பதே அளவைக்கு வேண்டிய முதற்பண்பு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் வெள்ளாற்றுக் கழிமுகத்தைப் பல பத்தாண்டுகளாக விடாது ஆராய்ந்துவந்ததனாலன்றோ அம்முகத்துவாரத்தைப் பற்றி உலகிற்கு இத்துணைச் செய்தி தெரிந்தது! ஆற்றின் வாயை அறிந்த அளவு நாம் அதன் வயிற்றை அறிந்தோமில்லை.

கணிதம் பயில்வோர் அவ்வெண்களைக் கருவியிற் பொருத்திப் பார்க்கலாம். ஸ்வாட், மாட்ப்ளோ முதலிய நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. வரலாறு பயில்வோர் ஏரிகளின் பழைய கணக்கை முதியோரிடம் கேட்டெழுதலாம். தமிழ் பயில்வோர்க்கோ எல்லாவற்றினும் அரிய வேலை காத்திருக்கிறது: அளவையின் முடிவைப் பிசகின்றியும் அச்சமூட்டாமலும் ஊரார்க்கு விளங்கும் இரண்டு வரியில் எழுதுவது. அது எளிதென எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

யான் முன்னர்க் குறித்த நீரை ஆய்வுக்கூடத்திற் கொடுத்து முடிவு பெற்றோம். குடிக்கலாம் என்பதே விடை. உப்புச் சிறிது மிகுதி, ஆயினும் தீங்கில்லை. அதனைச் சொல்ல மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோது பதினெட்டு நாள் கழிந்திருந்தது. மூதாட்டி குழாயடியிலேயே இருந்தாள். செய்தியைக் கேட்டு, "நல்லதாப் போச்சு தம்பி, கெட்டதுன்னு சொல்லியிருந்தா, இந்தப் பதினெட்டு நாளா குடிச்சத என்ன பண்றது?" என்றாள். அவள் அதனைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பதினெட்டு நாளை ஒரு நாளாகக் குறைப்பதற்கே இக்கருவிகளெல்லாம். அதனைச் செய்யாத கருவி எத்துணை நுட்பமானதாயினும் நமக்கு வேண்டுவதில்லை. அதனைச் செய்வதாயின், அஃது எளிய குறிப்பேடாயினும் அதனைப் போற்றுவோமாக. இவ்வேட்டின் முதற்பக்கத்தை எழுத இவ்வாண்டு வகுப்பினர் முன்வருவரேல், குப்பி கழுவிக் கொடுக்க இப்பழைய மாணவனும் வரச் சித்தமாயிருக்கிறான்.